சிறிய சமூகத்தின் பூங்காவும் பொழுதுபோக்கு நிகழ்ச்சிகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சில நூறு குடும்பங்கள், ஒரு பூங்கா, ஒரு மைதானம், முடிந்தால் ஒரு பொது அறை. தனி அலுவலகமோ முழுநேர ஊழியர் படையோ கிடையாது. நாலைந்து பேர் கொண்ட குழுதான் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறது. அப்படிப்பட்ட குழுவில் இருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

புதிதாகப் பொறுப்பேற்றிருக்கிறோம். முதலில் எதை வாங்குவது?

எதையும் வாங்காதீர்கள். முதல் இரண்டு வாரம் பூங்காவில் போய் உட்கார்ந்து பாருங்கள். காலை, உச்சிப்பொழுது, மாலை, வேலைநாள், விடுமுறை நாள் என்று நேரத்தை மாற்றி மாற்றிப் போங்கள். யார் வருகிறார்கள், என்ன வயது, ஆணா பெண்ணா, தனியாகவா கூட்டமாகவா, எவ்வளவு நேரம் இருக்கிறார்கள், எந்த மூலைக்கு யாருமே போவதில்லை என்பதை ஒரு நோட்டில் குறியுங்கள்.

1970-களில் நியூயார்க்கில் வில்லியம் வைட் என்பவர் பொது இடங்களில் கேமராவை வைத்து மக்கள் எங்கே தங்குகிறார்கள், எங்கே நிற்காமல் போகிறார்கள் என்று பொறுமையாகக் கவனித்தார். உட்கார வசதி உள்ள இடத்தில்தான் மக்கள் உட்காருகிறார்கள் என்பது அவர் கண்டவற்றில் முக்கியமானது. கேட்டால் இது யாருக்கும் தெரிந்த விஷயம்போல் தோன்றும். ஆனாலும் எத்தனையோ பூங்காக்களில் அழகான நடைபாதை இருக்கிறது, நிழலில் ஒரு பெஞ்சு இல்லை.

வந்தவர்களை எண்ணுவது எளிது. வராதவர்கள் யார் என்று யோசிப்பதுதான் உண்மையான வேலை. உங்கள் சமூகத்தில் பன்னிரண்டு வயதுப் பெண்கள் இருக்கிறார்களா? அவர்களைப் பூங்காவில் பார்த்தீர்களா? கைத்தடி ஊன்றி நடப்பவர்களை? இரவுப் பணி முடித்துவிட்டு வருபவர்களை?

கருத்துக்கணிப்பு நடத்தினால் போதாதா?

நடத்தலாம், ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். “என்ன வேண்டும்?” என்று கேட்டால் மக்கள் ஏற்கெனவே எங்கோ பார்த்ததைத்தான் சொல்வார்கள். “போன வாரம் ஓய்வு நேரத்தில் என்ன செய்தீர்கள்? பூங்காவுக்கு வரவில்லை என்றால் எதனால்?” என்று கேளுங்கள். கழிப்பறை பூட்டியிருக்கிறது, இருட்டியபின் விளக்கு இல்லை, குழந்தையை விட்டுவிட்டு வர முடியாது என்று பதில் வேறு மாதிரி வரும். புதிய சாமான் எதுவும் வாங்காமலே இவற்றில் பாதியைத் தீர்த்துவிடலாம்.

ஐந்து கேள்விக்கு மேல் வேண்டாம். வழக்கமாகப் பேசுபவர்களின் குரல் ஏற்கெனவே உங்கள் காதில் விழுகிறது. மற்றவர்களைத் தேடிப் போய்க் கேளுங்கள்.

குழந்தைகளுக்கான விளையாட்டுச் சாதனங்களில் எதைக் கவனிக்க வேண்டும்?

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இங்கே கவனம் தப்பினால் அடிபடுவது குழந்தை.

விளையாட்டுத் திடல்களில் ஏற்படும் காயங்களில் பெரும்பகுதி விழுவதால் வருபவை. ஆகவே ஊஞ்சலையும் சறுக்கு மரத்தையும் பார்ப்பதற்கு முன் அவற்றின் அடியில் இருக்கும் தரையைப் பாருங்கள். மண்ணும் புல்லும் விழும் குழந்தையைக் காக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். நாலு கால் ஓடியதும் இறுகிப்போய்விடும். மரச்சில்லு போன்ற தளர்வான பொருளைப் போடுவதானால் சுமார் 30 செ.மீ. ஆழத்துக்குப் போட வேண்டும். அது அமுங்கி 23 செ.மீ. அளவில் நிற்கும். அதற்குக் கீழே போக விடாதீர்கள். ஊஞ்சலின் அடியிலும் சறுக்கு மரம் முடியும் இடத்திலும் கால் பட்டுப் பட்டு விலகிவிடும். அங்கே மட்டும் அடிக்கடி வாரிச் சேர்க்க வேண்டியிருக்கும். பணம் இருந்தால் ரப்பர் தளம் போடலாம், ஆனால் வெயிலில் அது நன்றாகச் சூடேறும். உலோகச் சறுக்கு மரமும் அப்படியே. வெயில் நேரத்தில் உங்கள் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். உங்களால் தாங்க முடியாத சூட்டைச் சின்னக் குழந்தையின் தோல் தாங்காது.

நிலையான சாதனத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் குறைந்தது 1.8 மீட்டர் காலியாக இருக்கட்டும். ஊஞ்சலுக்கு இது போதாது. சங்கிலி மாட்டிய மேல்கம்பி தரையிலிருந்து எவ்வளவு உயரமோ, அதைப்போல் இரண்டு மடங்கு இடம் முன்னும் பின்னும் வேண்டும். அப்புறம் இடைவெளிகள். சுமார் 9 செ.மீ.க்கும் 23 செ.மீ.க்கும் இடைப்பட்ட சந்துகள் ஆபத்தானவை. குழந்தையின் உடம்பு நுழைந்துவிடும், தலை மாட்டிக்கொள்ளும். உடையில் தொங்கும் கயிறு, கழுத்தில் மாட்டிய சாவிக் கயிறு, சைக்கிள் ஹெல்மெட் இவற்றோடு ஏற விடக் கூடாது என்று பெற்றோருக்குச் சொல்லுங்கள். தரையில் சைக்கிள் ஓட்டும்போது தலையைக் காப்பாற்றும் அதே ஹெல்மெட், ஏணிச் சந்தில் சிக்கினால் குழந்தை தொங்கிப்போகும்.

ஆய்வை மூன்று நிலையில் வைத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறையாவது கண்ணால் ஒரு சுற்று: உடைந்த கண்ணாடி, கழன்ற போல்ட், பிய்ந்த இருக்கை. ஒன்று முதல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அசைத்து, முறுக்கிப் பார்க்கும் சோதனை: தேய்ந்த சங்கிலி, ஆடும் கால், துரு. ஆண்டுக்கு ஒருமுறை தகுதி பெற்ற வெளியாளைக் கொண்டு முழுச் சோதனை. ஒவ்வொன்றுக்கும் தேதியும் கையெழுத்தும் பதிவேட்டில் இருக்க வேண்டும். பழுது கண்டால் அன்றைக்கே அந்தச் சாதனத்தைக் கட்டிப் பூட்டிவிடுங்கள். “நாளைக்கு வந்து பார்க்கிறேன்” என்பது இந்த வேலையில் கூடாது.

இவ்வளவு பாதுகாப்பு பார்த்தால் விளையாட்டில் சுவாரசியம் இருக்குமா?

இருக்கும். குழந்தையால் பார்த்து, எடைபோட்டு, முடிவெடுக்கக்கூடிய சவால் ஒன்று. குழந்தைக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கும் ஆபத்து இன்னொன்று. உயரமான பாறையில் ஏறலாமா என்று குழந்தை யோசிக்கும். உள்ளுக்குள் துருப்பிடித்த போல்ட்டைப் பற்றி அதனால் யோசிக்க முடியாது. இரண்டாவதை நீக்குவது நம் கடமை. முதலாவதை நீக்கினால் குழந்தைகள் சலித்துப்போய்ச் சாலையோரம் போய் விளையாடுவார்கள்.

சாதனம் விலையுயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. டென்மார்க்கின் எம்ட்ரூப் பகுதியில், உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1943-இல், பலகை, செங்கல், பழைய பொருட்களை வைத்துக் குழந்தைகள் தாங்களே கட்டி விளையாடும் திடல் ஒன்று திறக்கப்பட்டது. கார்ல் தியோடர் சோரன்சன் என்ற நிலவடிவமைப்பாளரின் எண்ணம் அது. அங்கே பொறுப்பான பெரியவர் ஒருவர் உடன் இருந்தார் என்பதையும் சேர்த்தே நினைவில் வையுங்கள். 1947 முதல் ஆம்ஸ்டர்டாமில் ஆல்டோ வான் ஐக் என்ற கட்டடக் கலைஞர் காலி மனைகளிலும் தெருமுனைகளிலும் நூற்றுக்கணக்கான சிறு திடல்களை வடிவமைத்தார். மணல் தொட்டி, தாவிச் செல்லக் கற்கள், குட்டிக்கரணம் போடக் கம்பி வளைவுகள், அவ்வளவுதான். இதற்கென்று தனி விதி எதுவும் இல்லை, குழந்தை நினைத்ததுதான் விளையாட்டு. மணல், தண்ணீர், மரத்துண்டுகள், நிழல் ஆகிய நான்கையும் முதலில் கொடுத்துப் பாருங்கள்.

பத்து வயதுக்கு மேல் பெண் பிள்ளைகள் வருவதே இல்லை. ஏன்?

ஆர்வம் இல்லாததால் அல்ல. வியன்னா நகரில் 1990-களில் இதை ஆராய்ந்தார்கள். சுமார் ஒன்பது வயதுக்குப்பின் பெண்கள் பூங்காவுக்கு வருவது சட்டென்று குறைந்தது, பையன்களுக்கு அப்படி இல்லை. திறந்த ஒற்றை மைதானத்தில் இடத்துக்குப் போட்டி வந்ததும் பெண்கள் விலகிக்கொண்டார்கள். நகராட்சி இரண்டு பூங்காக்களைத் திருத்தி அமைத்தது. பாதைகளைக் கூட்டி, பெரிய வெளியைச் சின்னச் சின்னப் பகுதிகளாகப் பிரித்து, கைப்பந்து, இறகுப்பந்து போன்றவற்றுக்கும் இடம் ஒதுக்கியது. பெண்கள் திரும்பி வந்தார்கள், பையன்களும் வெளியேறவில்லை.

நீங்கள் செய்யக்கூடியவை: ஆடுகளத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வாசல் வையுங்கள். ஒரே வாசலில் கும்பலாக யாராவது நின்றால் உள்ளே போகத் தயங்குவார்கள். நாலு பேர் எதிரெதிரே உட்கார்ந்து பேச ஓர் இடம். பாதையில் விளக்கு. திறந்திருக்கும், சுத்தமான கழிப்பறை. வாரத்தில் இரண்டு மாலை பெண்களுக்கென்றே ஒதுக்கிய ஆட்ட நேரம். கடைசி விஷயத்துக்கு எதிர்ப்பு வரும். வந்தாலும் ஒரு வருடம் விடாமல் நடத்துங்கள்.

முதியோருக்கு என்ன செய்யலாம்?

நடைப்பயிற்சிப் பாதை இருந்தால் போதும் என்று பல குழுக்கள் நினைக்கின்றன. 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் சமநிலையையும் தசை வலுவையும் கூட்டும் பயிற்சிகளை வாரத்தில் மூன்று நாளாவது செய்ய வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். கீழே விழாமல் இருக்க அதுதான் உதவும். பயிற்சி பெற்ற ஒருவர் நடத்தும் மென்மையான உடற்பயிற்சி வகுப்புக்குப் பத்து நாற்காலியும் ஒரு நிழலும் போதும்.

பெஞ்சு போடும்போது முதுகுச் சாய்வும் கைப்பிடியும் உள்ளதாகப் பாருங்கள். கைப்பிடி இல்லாத பெஞ்சிலிருந்து முழங்கால் வலி உள்ளவர் எழுந்திருக்கச் சிரமப்படுவார். சரிவுப் பாதை ஒரு மீட்டர் உயரத்துக்கு 12 மீட்டர் நீளம் என்ற கணக்கைவிடச் செங்குத்தாக இருக்க வேண்டாம். சக்கர நாற்காலி திரும்ப ஒன்றரை மீட்டர் இடம் வேண்டும். இதே வசதி குழந்தை வண்டி தள்ளி வருபவர்களுக்கும் உதவும்.

ஒரே மைதானம், ஐந்து குழுக்கள். தினமும் சண்டை.

பொதுவான வளத்தை மக்கள் தாங்களே கெடாமல் காத்துக்கொள்ள முடியும் என்று காட்டியவர் எலினார் ஆஸ்ட்ரம். 2009-இல் பொருளாதார நோபல் பரிசு பெற்றார், அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண் அவர். மேய்ச்சல் நிலம், மீன்பிடி நீர், பாசனம் இவற்றைப் பற்றி அவர் கண்டவை மைதானத்துக்கும் பொருந்தும் என்பது என் உறுதியான கருத்து. விதியைப் பயன்படுத்துபவர்களே சேர்ந்து வகுக்க வேண்டும். கண்காணிப்பவர் அவர்களிடையே இருக்க வேண்டும். மீறினால் தண்டனை சின்னதில் தொடங்கிப் படிப்படியாகப் போக வேண்டும். தகராறை உடனே, செலவில்லாமல் தீர்க்க ஓர் இடம் இருக்க வேண்டும்.

நடைமுறையில்: எல்லாக் குழுக்களையும் ஒரே அறையில் உட்காரவைத்து வார அட்டவணை போடுங்கள். குழு ஒன்று தனியாகப் போட்டுக் கதவில் ஒட்டிய அட்டவணையை யாரும் மதிக்க மாட்டார்கள். முன்பதிவு செய்துவிட்டு வராதவர்களுக்கு முதல்முறை நினைவூட்டல், மூன்றாம் முறை ஒரு மாதம் முன்பதிவு கிடையாது என்று வையுங்கள். பதினைந்து நிமிடம் தாண்டினால் இடம் காத்திருப்பவருக்கு. இன்னொன்று மிக முக்கியம்: நேரம் முழுவதையும் பதிவுக்குக் கொடுத்துவிடாதீர்கள். எந்தக் குழுவிலும் சேராத பிள்ளை ஒரு பந்தோடு வந்தால் விளையாட அதற்கும் நேரம் இருக்க வேண்டும்.

இடம் குறைவானால் ஒரே தளத்தில் வெவ்வேறு நிறக் கோடுகள் போடலாம். கைப்பந்துக் களம் 18க்கு 9 மீட்டர், இறகுப்பந்துக் களம் 13.40க்கு 6.10. கூடைப்பந்துக்கு 28க்கு 15 வேண்டும், ஆனால் பாதிக் களம் வைத்தே நன்றாக ஆடலாம். வளையத்தின் முறையான உயரம் 3.05 மீட்டர். சிறு பிள்ளைகளுக்குத் தாழ்த்தி மாட்டுங்கள். பந்து வளையத்தை எட்டவே எட்டாது என்றால் பிள்ளை மறுவாரம் வராது.

நிகழ்ச்சிகளை எப்படித் தொடங்குவது? முதல் நாள் கூட்டம் வருகிறது, பிறகு ஆளே இல்லை.

திருவிழாபோல் தொடங்கியதால்தான். அமைதியாக, ஒரே ஒரு நிகழ்ச்சியோடு ஆரம்பியுங்கள். அதே நாள், அதே நேரம், அதே இடம். இரண்டு பேர் வந்தாலும் நடத்துங்கள். ஆள் குறைவு என்று ஒருமுறை ரத்து செய்தால், அந்த இரண்டு பேரும் அடுத்த வாரம் வர மாட்டார்கள்.

2004 அக்டோபரில் லண்டனின் புஷி பூங்காவில் 13 பேர் சேர்ந்து ஐந்து கிலோமீட்டர் ஓடினார்கள். அதுதான் பார்க்ரன். இன்று இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் நடக்கிறது. இலவசம், வாராவாரம், தன்னார்வலர்களே நடத்துகிறார்கள், மெதுவாக நடந்து முடிப்பவருக்கும் அதே வரவேற்பு. அதை அப்படியே நகலெடுக்கச் சொல்லவில்லை. வாரம் தவறாமையும் எளிமையும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

பயிற்சி வகுப்பு என்றால் ஆறு முதல் எட்டு வாரத் தொகுதியாக வையுங்கள். முடிவு தெரிந்தால் சேருவதற்குத் தயக்கம் குறையும், நடத்துபவருக்கும் மூச்சுவிட நேரம் கிடைக்கும். நன்றாகப் போகாததைக் கௌரவமாக முடித்துவிடவும் அது வழி தரும்.

தன்னார்வலர்கள் வருகிறார்கள், இரண்டு மாதத்தில் காணாமல் போகிறார்கள்.

“உதவி செய்யுங்கள்” என்று கேட்காதீர்கள். “அடுத்த இரண்டு மாதம், ஞாயிறு காலை எட்டு மணிக்கு வலையைக் கட்டித்தர முடியுமா?” என்று கேளுங்கள். வேலையும் நேரமும் முடியும் நாளும் தெரிந்தால்தான் பலர் சரி என்பார்கள். எல்லாச் சாவியும் ஒருவரிடமே இருக்கும் நிலையை வளரவிடாதீர்கள். ஒவ்வொரு பொறுப்புக்கும் இரண்டு பேர் வேண்டும். விடாமல் உழைப்பவரைத்தான் நாம் மேலும் மேலும் சுமக்கவைக்கிறோம், கடைசியில் அவரே சோர்ந்து விலகுகிறார்.

குழந்தைகளோடு பழகும் எவருக்கும் சில விதிகள் விலக்கில்லாமல் பொருந்த வேண்டும். சேர்க்கும் முன் பின்னணி விசாரணை. ஒரு பெரியவர் ஒரு குழந்தையோடு தனியாக, மூடிய இடத்தில் இருக்கக் கூடாது. குழந்தைகளோடு தனிப்பட்ட செல்பேசிச் செய்தித் தொடர்பு கூடாது, பெற்றோரும் இருக்கும் குழுவில்தான் பேச வேண்டும். யார் அழைத்துப்போக வருவார் என்று முன்னரே எழுதி வாங்க வேண்டும். பெற்றோர் சம்மதம் இல்லாமல் படம் எடுத்துப் போடக் கூடாது. “அவர் நமக்குத் தெரிந்தவர்தானே” என்று யாருக்காவது தளர்த்தினால், அந்த விதி எல்லோருக்கும் இல்லாமல் போய்விடும்.

கட்டணம் வாங்கலாமா?

பூங்காவுக்கும் மைதானத்துக்கும் வேண்டாம். பயிற்சியாளர் வரும் வகுப்புகளுக்கு வாங்கலாம். முடியாதவர்களுக்கு விலக்கு உண்டு என்று விண்ணப்பத்திலேயே போட்டுவிடுங்கள். குழுவில் ஒருவர் மட்டும் பார்த்து முடிவெடுக்கட்டும். நாலு பேர் முன்னால் வந்து கேட்க வேண்டும் என்றால் யாரும் கேட்க மாட்டார்கள், பிள்ளை வீட்டிலேயே இருந்துவிடும்.

நன்கொடையாக ஒரு பெரிய சாதனம் தருகிறேன் என்கிறார்கள். வாங்கிக்கொள்ளலாமா?

பராமரிப்பு யார் பார்ப்பார்கள் என்று முடிவான பிறகு. பொருளுக்குப் பணம் தருபவர்கள் கிடைப்பார்கள். கழிப்பறை கழுவவும் போல்ட் முறுக்கவும் புல் வெட்டவும் பணம் தருபவர்கள் அரிது. பூங்காவை உயிரோடு வைத்திருப்பது இரண்டாவது வகைச் செலவுதான்.

கணக்கு எளிது. ஒரு சாதனத்தின் விலையை அது உழைக்கும் ஆண்டுகளால் வகுங்கள். விலை 1,20,000, ஆயுள் 12 ஆண்டு என்றால், ஆண்டுக்கு 10,000 தனியே எடுத்துவைக்க வேண்டும். அதற்கு மேல் தளம் நிரப்ப, உதிரிபாகம் வாங்க, சோதனைக்கு, காப்பீட்டுக்குச் செலவு இருக்கிறது. இந்தத் தொகை உங்கள் வரவில் நிற்காது என்றால், நன்றி சொல்லிவிட்டு, “இதற்குப் பதில் ஐந்து வருடப் பராமரிப்பை ஏற்றுக்கொள்வீர்களா?” என்று கேளுங்கள். சிலர் ஒப்புக்கொள்வார்கள்.

மரம், புல் பற்றி?

நிழலுக்கு மரம் வளர ஆண்டுகள் ஆகும். ஆகவே பதவியேற்ற முதல் பருவத்திலேயே நடுங்கள். நட்ட முதல் இரண்டு மூன்று ஆண்டு தண்ணீர் ஊற்றும் பொறுப்பு யாருடையது என்று பெயர் போட்டு எழுதிய பிறகே குழி தோண்டுங்கள். அடிமரத்தைச் சுற்றி 5 முதல் 10 செ.மீ. ஆழத்துக்குச் சருகு மூடாக்குப் போடலாம், ஆனால் அது தண்டைத் தொடக் கூடாது, ஈரம் தங்கி அழுகும். புல்வெட்டும் கருவி பட்டைமேல் பட்டுப் பட்டுச் சாகும் இளமரங்கள் நிறைய. புல்லை ஒரே தடவையில் அதன் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்ட வேண்டாம்.

நீச்சல் குளம்?

பயிற்சி பெற்ற உயிர்காப்பாளர், தினசரி நீர்ச் சோதனை, பூட்டக்கூடிய வேலி. மூன்றில் ஒன்று இல்லை என்றாலும் திறக்காதீர்கள்.

வெயில், இடி, மழை வந்தால்?

இடிச் சத்தம் கேட்டதும் ஆட்டத்தை நிறுத்துங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை மைதானத்துக்குத் திரும்ப வேண்டாம். மரத்தடியும், சுவரில்லாத கூரைக் கொட்டகையும் பாதுகாப்பல்ல. முழுமையான கட்டடத்துக்குள் அல்லது உலோகக் கூரை உள்ள மூடிய வாகனத்துக்குள் போக வேண்டும். முடிவெடுப்பது யார் என்று முன்னரே குறித்திருங்கள். இறுதிப் போட்டியின் நடுவில் விவாதிக்க நேரம் இருக்காது.

வெப்பத்தில், நெடுநாள் இடைவெளிக்குப் பின் வரும் முதல் சில நாட்கள்தான் ஆபத்து அதிகம். உடம்பு பழக ஒன்று, இரண்டு வாரம் ஆகும். பயிற்சியை மெல்லக் கூட்டுங்கள். ஆடும் ஒருவர் குழம்பிப் பேசினாலோ தடுமாறினாலோ ஓய்வு கொடுத்துப் பார்ப்போம் என்று காத்திருக்க வேண்டாம். அவசர உதவியை அழையுங்கள், வரும்வரை தண்ணீரால் உடம்பைக் குளிர்வியுங்கள்.

சாதனங்களை உடைக்கிறார்கள், சுவரில் கிறுக்குகிறார்கள்.

சீக்கிரம் சரிசெய்யுங்கள். உடைந்தது உடைந்தபடியே கிடந்தால் அடுத்ததும் உடையும். அப்புறம், இரவில் கூடும் இளைஞர்களைத் துரத்துவதற்கு முன் அவர்களுக்கென்று என்ன வைத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். பதினைந்து வயதுக்காரருக்கு ஊஞ்சல் சின்னது, முதியோர் வகுப்பு பொருந்தாது. விளக்கு எரியும் பாதிக் கூடைப்பந்துக் களமும் உட்காரக் கொஞ்சம் இடமும் கொடுத்தால், பராமரிப்பிலும் அவர்களில் சிலரைச் சேர்க்க முடியும்.

குழு மாறும்போது எதை ஒப்படைக்க வேண்டும்?

ஒரு கோப்பு. அதில் சாவிகளின் பட்டியலும் யாரிடம் எது என்பதும், சாதனங்களை வாங்கிய தேதி, உத்தரவாதம், உதிரிபாகம் கிடைக்கும் இடம், ஆய்வுப் பதிவேடு, விபத்துப் பதிவேடு, காப்பீட்டு ஆவணமும் அது முடியும் நாளும், வார அட்டவணை, மரம் நட்ட வரைபடம், தண்ணீர்க் குழாயும் மின்கம்பியும் மண்ணுக்கடியில் எங்கே போகின்றன என்ற படம், எடுத்துவைத்த தொகையின் கணக்கு ஆகியவை இருக்கட்டும். கைவிட்ட நிகழ்ச்சிகளையும் காரணத்தோடு இரண்டு வரி எழுதிவையுங்கள். பழைய குழுவும் புதிய குழுவும் சேர்ந்து ஒருமுறை பூங்காவைச் சுற்றி நடந்து, ஒவ்வொரு வால்வையும் பூட்டையும் திறந்து மூடிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடட்டும்.